நாடி நின்ற பிறகும்

கோலா பிலாவிலிருந்து சிரம்பான் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் ரப்பர் பாலுக்காகப் பால்மரத்தின் பட்டையை வெட்டும் பெண்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தனர்.

"என் நாடி நின்ன பெறகும் உள்ள ஒண்ணு குச்சியாட்டம் கெடந்துச்சு, தங்கச்சி. டாக்டரு கையில பிரஷர் பட்டைய நாடி நிக்கிற வரைக்கும் இறுக்கித் தொட்டுப் பாத்தாரு. ரத்தக்குழாயாம்."

"மாத்திரையக் கூட்டி பிரஷர எறக்குனாங்களே, அக்கா?"

"எறங்கிருச்சு லா. கொழாய்தான் பால் புடிக்கிற மங்குல காஞ்ச ரப்பராட்டம் எளகலையாம். தெனம் மாத்திரை போட்டா மெல்ல எளகுமாம், விட்டா வெடிச்சிருமாம்."

"தெனம் போடுறதானே?"

"மரத்தையே ஒருநாள் விட்டு ஒருநாள்தானே வெட்டுறோம்? ஒடம்புக்கும் ஓய்வு வேணாமா?"

"இது டாக்டருக்குத் தெரியுமா?"

மூத்தவர் கையை நீட்டினார். இளையவர் அந்த மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். பிறகு தம் மணிக்கட்டையும் அழுத்தினார். சிரம்பான் வரும்வரை விரலை எடுக்கவே இல்லை.