பெயர் எழுதாத பெட்டி

— அதைத் தொடாதே. பசை இன்னும் காயலை, பேர்ச்சீட்டு கோணிப்போகும்.

— அக்கா, அவரோட சீப்பு எங்கே?

— முதல்ல செருப்பைக் கழட்டு. தரையை இப்பத்தான் துடைச்சேன். காலையில போனவ, மணி மூணாகுது. வயித்துக்கு ஏதாவது போட்டியா?

— சீப்பு எங்கேன்னு கேட்டேன்.

— எது, அந்தப் பல்லு போன கறுப்புச் சீப்பா? அதைப் போய்த் தேடுறே! வீட்டைப் பாருடீ சின்னவளே. இந்த மேஜைக்கு இப்படி ஒரு மேல்பலகை இருக்குன்னு உனக்குத் தெரியுமா? கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் அது வெளிச்சத்தைப் பார்க்குது. அதாவது, எல்லாத்தையும் முறைப்படி வகைப்படுத்திட்டேன். பதினேழு பெட்டி. வாசிக்கட்டுமா? ‘தையற்பொருட்கள்.’ ‘மின்சாதன உதிரிகள்.’ ‘தம்பியின் மரவேலைக் கருவிகள்.’ உன் வீட்டுக்காரரைத் தம்பின்னுதானே கூப்பிடுறேன், அப்படியே எழுதிட்டேன். ‘முற்றுப்பெறாதவை.’

— அது என்ன, முற்றுப்பெறாதவை?

— பாதி செதுக்கின குதிரை, மூணு காலோட நிக்கிற யானை, அந்த மாதிரி. தூக்கிப்போட மனசு வரலை. தம்பி திரும்பி வந்ததும் உட்கார்ந்து முடிப்பாருல்ல?

— சீப்பு, அக்கா.

— குப்பைவண்டியில போட்டாச்சு. நேத்து இல்லை, முந்தாநேத்து. வேற புதுசு வாங்கிக் கண்ணாடிகிட்ட மாட்டியிருக்கேன். ஏன்டீ அப்படிப் பார்க்கிறே? முகமெல்லாம் வெளுத்திருக்கு.

— பிணவறைக்குப் போயிட்டு வர்றேன்.

— என்னது? போலீஸ் ஸ்டேஷனுக்குன்னுதானே சொல்லிட்டுப் போனே?

— ஸ்டேஷன்ல இருந்துதான் அங்க அனுப்பினாங்க. எரிஞ்சுபோன அந்த பஸ்.

— அந்த பஸ்ல தம்பி ஏறினார்னு யார் சொன்னது?

— யாரும் சொல்லலை. ஏறலைன்னும் யாரும் சொல்லலை. பேர்ப்பட்டியல்னு ஒன்னு கிடையாது, வழியில கை காட்டினவங்களை எல்லாம் ஏத்தியிருக்காங்க. அவர் வீட்டை விட்டுப் போன காலையில, அந்த நேரத்துல, நம்ம நிறுத்தத்தைத் தாண்டிப் போன பஸ் அது. பதினோரு உடம்பு எடுத்தாங்களாம். பத்துக்கு ஆள் வந்து அடையாளம் சொல்லிக் கொண்டுபோயிட்டாங்க. ஒன்னு பாக்கி.

— நீ பார்த்தியா?

— பார்க்கிறதுக்கு அதுல ஒன்னும் இல்லைம்மான்னுட்டாங்க. துணி போட்டு மூடியிருந்தது. ஆம்பளை, நடுத்தர உயரம், அவ்வளவுதான் சொல்ல முடியுமாம். கால் பக்கம் ஒரு சீட்டு கட்டித் தொங்குச்சு. அதுல ஏழுன்னு போட்டிருந்தது. நீ எழுதுற மாதிரி அழகா இல்லை, யாரோ அவசரத்துல கிறுக்கினது.

— உட்காரு. இந்தா, தண்ணி குடி. நடுத்தர உயரம்னா ஊர்ல பாதி ஆம்பளை நடுத்தர உயரந்தான்.

— அதைத்தான் நானும் சொன்னேன். அந்தக் கிளார்க்கம்மா ஒரு தாளைக் கொடுத்தாங்க. பெத்தவங்க, கூடப்பொறந்தவங்க யாராவது இருந்தா ஒரு சொட்டு ரத்தம் போதுமாம், ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிடுவாங்களாம். அநாதை விடுதியில வளர்ந்தவர், யாருமில்லைன்னேன். பிள்ளைன்னாங்க. இல்லைன்னேன். பிள்ளை ஒன்னுகூட இல்லையான்னு மறுபடி கேட்டாங்க. மறுபடியும் இல்லைன்னேன். சொல்லிச் சொல்லி நாக்குல காய்ப்பு ஏறின பதில்தானே அது.

— தாளைக் கொடு. நான் வாசிக்கிறேன்.

— கண்ணாடியைப் போட்டுக்கோ.

— தெரியுது. ‘காணாமற்போனவரால் பயன்படுத்தப்பட்ட, துவைக்கப்படாத உடைகள். சீப்பு. பல்துலக்கி. சவரக் கருவி. தலையணை உறை. மேற்கண்டவற்றுள் ஏதேனும் ஒன்றினைத் தனியே காகித உறையிலிட்டு, அதன்மீது பெயர் எழுதி, எதிர்வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைத்தல் வேண்டும். தவறும்பட்சத்தில், உரிமை கோரப்படாத உடலாகக் கருதி அடக்கம் செய்யப்படும்.’

— ஒரு இடத்துலகூடத் திக்கலை.

— வாசிச்சு முடிச்சப்புறந்தாண்டீ அர்த்தமே உள்ள இறங்குது.

— சொல்லு. ஒவ்வொன்னா சொல்லு. பல்துலக்கி?

— அதுவும் சீப்போட போச்சு. மயிரெல்லாம் விரிஞ்சு கிடந்தது.

— சவரக்கத்தி?

— அலகைக் கழட்டிப் போட்டுட்டு, பிடியை வெந்நீர்ல ஊறவச்சுத் தேய்ச்சேன்.

— தலையணை உறை?

— சின்னவளே...

— தலையணை உறை, அக்கா.

— நான் என்ன வேலை பார்க்கிறவ? இருபத்திரெண்டு வருஷமா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல நிக்கிறேன். ஒரு கட்டில் காலியானா, விரிப்பு, உறை, போர்வை, அத்தனையும் கொதிக்கிற தொட்டிக்குப் போகும். அதுதான் எனக்குத் தெரிஞ்ச முறை. இங்க வந்து இறங்கினதும் உன் கட்டில்ல ஒரு பக்கம் காலியா இருந்ததைப் பார்த்தேன். கை தானா அந்தத் துணியை உருவிடுச்சு.

— ஆக, எல்லாத்தையும் வேகவச்சுட்டே.

— சட்டை, லுங்கி, பனியன், துண்டு, அலமாரிக்கு அடியில சுருண்டு கிடந்த ஒத்தைக் காலுறை உட்பட. சோடா போட்டு ரெண்டு தண்ணி. நான் துவைச்சா அதுல ஒன்னும் மிஞ்சாதுடீ. ரத்தம், சீழ், எதுவா இருந்தாலும் சரி. ‘உன் கை பட்டா அந்தத் துணி நேத்துப் பொறந்த மாதிரி ஆயிடுது’ன்னு மேற்பார்வைக்காரர் சொல்வாரு. அதைச் சொல்லித்தான் இவ்வளவு நாளும் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

— குளியலறைத் தண்ணி போற ஓட்டையில முடி இருக்குமே?

— ஆசிட் ஊத்தினேன்.

— மெத்தை?

— வெயில்ல போட்டு அடிச்சு, மேல சோப்புத் தண்ணி விட்டுத் துடைச்சேன்.

— நாற்காலியில தலை சாய்க்கிற இடம்? எண்ணெய்ப்பிசுக்கு ஏறிக் கறுப்பா இருக்குமே?

— இருந்தது. உறையைக் கழட்டிக் கிழிச்சுக் கால்மிதி தைச்சுட்டேன். நீ இப்ப மிதிச்சுக்கிட்டு நிக்கிறியே, அது. துவைச்சுட்டுத்தான் தைச்சேன்.

— பிரமாதம். ஒரு மனுஷனைப் பத்து நாளைக்குள்ள ஒரு பொட்டு அழுக்கு இல்லாம வீட்டை விட்டே அனுப்பிட்டே.

— திட்டு. நல்லா திட்டு. ஆனா ஒன்னு கேக்கிறேன். நீ ஸ்டேஷன், பஸ் நிலையம், மரக்கடைன்னு அலைஞ்சப்போ நான் இங்க என்ன பண்ணியிருக்கணும்? கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா? எனக்கு உட்கார வராதுடீ. ‘இந்தக் குப்பைமேட்டுல மனுஷி இருப்பாளா’ன்னு போன்ல வாராவாரம் அழுதது யாரு? நானா?

— நான்தான்.

— ‘சாப்பிடுற மேஜை பூரா மரத்தூள், படுக்கையில மரத்தூள், தலைமுடியில மரத்தூள்’னு.

— போதும் அக்கா.

— அதைத்தான் செய்தேன். நீ ஆசைப்பட்ட வீட்டை உனக்குப் பண்ணிக் கொடுத்தேன்.

— அவர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். அன்னிக்குக் காலையில. உங்ககிட்ட நான் முழுசா சொல்லலை.

— என்னது, ‘உங்க’ங்கிறே? என்னை மரியாதையாப் பேசினா ஏதோ பெருசா இருக்குன்னு அர்த்தம். சொல்லு.

— மேஜையில குதிரைக்குக் காது செதுக்கிக்கிட்டிருந்தார். டம்ளரை வைக்க ஒரு விரற்கடை இடமில்லை. ‘ஒன்னு இந்தக் கட்டைங்க இங்க இருக்கணும், இல்லை நான் இருக்கணும்’னேன். அவர் சிரிச்சார். அந்தச் சிரிப்புல எனக்கு ஏறிடுச்சு. ‘பெத்துக்காத பிள்ளைக்கு இன்னும் எத்தனை பொம்மை செய்வீங்க’ன்னு கேட்டுட்டேன்.

— அடிப்பாவி.

— உளியைத் துடைச்சார். பையில போட்டார். செருப்பை மாட்டினார். இதுதான் நடந்தது. ஸ்டேஷன்ல ‘வேலை விஷயமா வெளிய போனார்’னு எழுதிக்கொடுத்தேன்.

— அப்போ உளிப்பையைக் கையோட கொண்டுபோனாரா?

— ஆமா.

— அட, அதைச் சொல்றதுக்கென்ன! ‘கருவிகள்’ பெட்டியில உளி ஒன்னுகூட இல்லையேன்னு நானும் யோசிச்சேன். அதாவது, கோபத்துல தெருமுனை வரைக்கும் போறவன் உளிப்பையைத் தூக்குவானா? வேற ஊர்ல போய் வேலை பார்த்துப் பிழைச்சுக்கலாம்னு நினைக்கிறவன்தான் தூக்குவான்.

— நானும் அப்படித்தான் நினைச்சுக்கிறேன். எங்கேயோ ஒரு பட்டறையில உட்கார்ந்து என்னைத் திட்டிக்கிட்டே இழைச்சுக்கிட்டிருக்கார்னு. திட்டட்டும். இந்தப் பக்கம் திரும்பாமலே இருக்கட்டும்.

— பிணவறையில கேட்டியா? இரும்பு எரியாதுல்ல. அந்த உடம்பு பக்கத்துல உளி ஏதாவது கிடந்துச்சான்னு?

— இல்லை.

— கிடைக்கலைன்னாங்களா?

— நான் கேக்கலை.

— ஏன்டீ கேக்கலை? முதல்ல அதைத்தானே கேட்டிருக்கணும்?

— வாய் வரைக்கும் வந்தது. அந்தம்மா நோட்டைப் புரட்டி, ‘வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமா’ன்னுகூடக் கேட்டாங்க. நான் தண்ணி எங்க இருக்குன்னு கேட்டேன்.

— சரி, விடு. மனசு மரத்துப்போயிருக்கும். நாளைக்கு நானும் வர்றேன், நான் கேக்கிறேன். இரு, அடுப்புல திரைச்சீலைக்கு வெந்நீர் வச்சிருந்தேன், தளதளன்னு கொதிக்குது. அணைச்சுட்டு வர்றேன்.

— இருக்கட்டும், அணைக்காதே.

— சரி, எரியட்டும். இப்ப தேடுவோம். என்னால போனதை நான்தான் கண்டுபிடிச்சுக் கொடுக்கணும். நல்லா யோசி. முடி வெட்டுற கடை?

— போய் ஒரு மாசமாச்சு.

— மூக்குக்கண்ணாடி?

— போட்டுக்கிட்டுப் போயிட்டார்.

— பழைய பெல்ட்டு? அதையும் ஈரத்துணியால... சே. இந்தக் கையை வெட்டிப் போடணும். வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கான், இன்னிக்குப் புதன். யாராயிருந்தாலும் சரிடீ, ஒரு மனுஷனை ஏழுன்னு எழுதிப் புதைக்கக்கூடாது. நாப்பத்தாறு வயசு வரைக்கும் கைநாட்டு வச்சவ நான். சம்பளத்தாள்ல எனக்கு நேரா பேர் இருக்கும், அது என் பேர்தானான்னு எனக்கே தெரியாது. மாலை வகுப்புல முதல் நாள் வாத்தியாரம்மா என் பேரைப் பலகையில எழுதிக் காட்டினப்போ, இவ்வளவு நாளா யாரோ மாதிரி இருந்தேனேன்னு தேம்பித் தேம்பி அழுதேன். பேர் இல்லாம ஒருத்தர் போகக்கூடாது.

— அது அவரா இல்லாம இருந்தா?

— இல்லைன்னு தெரிஞ்சுடும். நிம்மதி.

— அவரா இருந்தா?

— அப்பவும் தெரிஞ்சுடும். அதுவும் ஒரு... இரு. இருடீ. பதினேழு பெட்டியில பதினாறுலதான் சீட்டு ஒட்டினேன்.

— என்ன சொல்றே?

— ஒரு பெட்டிக்குப் பேர் எழுதலை. அதோ, ஜன்னலுக்குக் கீழ. உப்புத்தாள் வைக்கிற தகர டப்பாவுக்குள்ள ஒரு துணி சுருட்டி இருந்தது. மரம் தேய்க்கிறப்போ தம்பி நெத்தியில கட்டுவாரே, வேர்வை கண்ணுல இறங்காம இருக்க, அந்தத் துணி. பசை ஒட்டி விறைச்சுப்போய்க் கிடந்தது. ‘துணிமணிகள்’ல சேர்க்கலாம்னா அது வேலைக்குண்டானது. ‘கருவிகள்’ல சேர்க்கலாம்னா அது துணி. துணிதான்னு முடிவு பண்ணியிருந்தா தொட்டிக்குப் போயிருக்கும். எதுல சேர்க்கிறதுன்னு ராத்திரி பூரா மண்டையைக் குடைஞ்சு, உன்கிட்ட கேட்டு எழுதிக்கலாம்னு தனியா வச்சேன்.

— துவைக்கலையா?

— துவைக்கலை! தண்ணியே காட்டலை! இந்தா, இந்தா, திற. பாரு, மடிப்புல பசையோட ரெண்டு முடி ஒட்டியிருக்கு. நரைச்சது ஒன்னு, கறுப்பு ஒன்னு. வேர்வை உப்புப் பூத்து வெள்ளையா கோடு போட்டிருக்கு பாரு. இதுபோதும், இதுல ஆளே இருக்கார்டீ! என் மடத்தனமே என்னைக் காப்பாத்திடுச்சு.

— அவர் வாசம் வருது.

— மூஞ்சியில வச்சுத் தேய்க்காதே, உன் கண்ணீர் பட்டுடும். நல்ல காகித உறையா ஒன்னு வச்சிருக்கேன். பேனா எங்கே? முழுப்பேரா எழுதணும், முன்னெழுத்தோட. நாளைக்குக் காலையில முதல் ஆளா போய் நிப்போம். இதை வாங்கினா எப்ப பதில் சொல்வாங்களாம்?

— நாலு நாள்ல உறுதியா சொல்லிடுவோம்னாங்க.

— அப்புறமென்ன? சின்னவளே, ஏன் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டிருக்கே? துணியை இப்படிக் கொடு.

— எதுவும் கிடைக்கலைன்னா அந்த ஏழு ஏழாவே போயிடும், இல்லையா?

— ஆமா. அதான் கிடைச்சுடுச்சே.

— உளிப்பையோட போனவரு எங்கேயாவது இருப்பாரு, இல்லையா?

— இருந்தா நல்லதுதான். அது என்ன பேச்சு இப்ப? உறையைத் திறந்து வச்சிருக்கேன் பாரு, உள்ள போடு.

— வெந்நீர் இன்னும் கொதிக்குதா?

— கொதிக்குது. ஏன், கை கழுவணுமா?

— நீ துவைச்சா ஒன்னும் மிஞ்சாதுன்னியே. இதையும் துவைச்சுடு, அக்கா.