மச்சினன் பிடித்த கயிறு

மத்தியானம் ஒன்றரை மணி. ராத்திரி இல்லை... சுட்டெரிக்கிற வெயில். அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணப்பாட்டிலிருந்து பெரியதாழை போகும் கடலோர ரோடு. ஒரு பக்கம் சிவந்த தேரி மணல். மறுபக்கம் உடைமரங்கள், அதற்கு அப்பால் கடல் இரைச்சல். அந்த நேரத்தில் ஆடுகூட அங்கே நடமாடாது. அங்கேதான் லிங்கராஜின் வேன் 'டங்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது.

கரண்ட் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். லிங்கராஜ் என் கூட்டாளி செந்தூர்பாண்டியின் கூடப்பிறந்த அண்ணன். ஏரல் பக்கம் நெல் விவசாயம். திருச்செந்தூருக்கு வருகிறவர்களை மணப்பாட்டுக் கடற்கரையில் ஒரு நாள் தங்கவைக்கலாம் என்று, உள்ளேயே கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்த பழைய கேரவன் வேன் ஒன்றை வாங்கினான்.

விற்றவள் கிருபை. சங்கு குளிக்கிற ஜீவமணியின் பெண்சாதி. அதே வேனுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தபோது ஜாக்கி சரிந்து ஜீவமணி செத்துப்போனார். அதை அவள் மறைக்கவில்லை. சாவியைக் கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னாள்.

"தம்பி, உப்புக்காத்து அடித்தட்டத் தின்னுரும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா அடியில படுத்து வேஸ்ட் ஆயில் தடவணும். போகும்போது கால்ல கயிறு கட்டு. மறுநுனிய ஒம் மச்சினன் கையில குடு. வேற யாரு கையிலயும் குடுக்காத."

அந்தக் கரையில் கடலில் முங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்சாதியின் தம்பிதான் பிடிப்பான். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் விடமாட்டான் என்ற நம்பிக்கை.

லிங்கராஜ் சிரித்தான். "நா என்ன கடல்லயாக்கா முங்கப் போறேன்?"

கிருபை சிரிக்கவில்லை. வாசலில் அவள் தம்பி வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனும் சிரிக்கவில்லை.

வேன் செலவு கேட்டுக்கொண்டே இருந்தது. கூரை ஒழுகியது. கதவுக் கீல் உதிர்ந்து கையோடு வந்தது. பட்டி பார்த்த இடத்தில் பத்தே நாளில் துரு மறுபடி பூத்தது. தொட்டியை எத்தனை தடவை கழுவினாலும் தண்ணீர் கரித்தது.

"இதுக்கு ஒரு எருமைய வளத்துருந்தா பாலாவது கறக்கும்" என்றாள் அவன் பெண்சாதி சந்தனச்செல்வி.

முதல் தடவை ஆயில் தடவப் போனபோது லிங்கராஜ் கயிறு கட்டவில்லை. மல்லாந்து படுத்துப் பாதி தடவியிருப்பான். கணுக்காலில்... ஈரமாக ஐந்து விரல். உள்பக்கமாக இழுத்தது. குதிகால் தோல் உரிய உதறிக்கொண்டு வெளியே வந்து விழுந்தான். பிறகு ஒரு மெக்கானிக் போனார். முழங்கை மூட்டு கழன்று வந்தார். "அண்ணாச்சி, இனிமே இந்த வண்டிய இங்கன கொண்டாராதிய." அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் லிங்கராஜ் கயிறு வாங்கினான். மச்சினன் காசிலிங்கத்தைக் கூடவே கூட்டிக்கொண்டு அலைந்தான். காசிலிங்கத்துக்கு ஆவணியில் கல்யாணம். "எனக்கு ஒத்தத் தம்பி. போன மாதிரியே கூட்டிட்டு வாங்க" என்று சொல்லித்தான் சந்தனச்செல்வி அன்றைக்கு அனுப்பினாள்.

முதலில் சொன்ன அந்த 'டங்' சத்தம் சைலன்சர்; துருப்பிடித்து அறுந்து ரோட்டில் இழுபட்டுக் கிடந்தது. கம்பியால் கட்டினால்தான் வண்டி நகரும். லிங்கராஜ் முன்சக்கரத்துக்குக் கல் வைத்தான். ஜாக்கி போட்டுப் பின்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கினான். கணுக்காலில் கயிற்றை முடிச்சுப் போட்டான்.

"ரெண்டு தடவ சுண்டுனா இழுலே."

"ஒங்க தொந்திக்குக் கயிறு பத்தாது அத்தான். கிரேன்தான் கொண்டாரணும்."

சொல்லிக்கொண்டே காசிலிங்கம் கயிற்றை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றினான். கடலில் எவனும் அப்படிச் சுற்றமாட்டான். இவன் வயல்காட்டுப் பிள்ளை... மாட்டுக் கயிறு பிடித்த கை.

அடியில் சூடான இரும்பு வாசம். கருகின ஆயில். லிங்கராஜ் கம்பியை முறுக்கினான். ஒரு முறுக்கு. இரண்டு முறுக்கு... வாடை மாறியது. வெயிலில் குவித்த சங்குச் சதை அழுகுகிற வாடை. காதுக்குப் பக்கத்தில் 'குளுக்... குளுக்...' என்று, தண்ணீருக்குள் மூச்சு விடுகிற சத்தம்.

அவன் திரும்பவில்லை. தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தான். காலில் கயிறு இல்லை.

கயிறு அவன் விலாவை உரசிக்கொண்டு, முன்பக்க இருட்டுக்குள் போயிருந்தது. இரண்டு தடவை சுண்டியது. நின்றது. மறுபடி இரண்டு தடவை.

"இந்தா இழுக்கேன் அத்தான்!"

"விடுலே! கயித்த விடு! அது நானில்ல!"

எப்படி விடுவான்? மூன்று சுற்றும் இறுகிவிட்டது. காசிலிங்கம் தார் ரோட்டில் நெஞ்சு தேய உள்ளே வந்தான். நெற்றி அடிச்சட்டத்தில் மோதிப் பிளந்தது. பல் தெறித்து லிங்கராஜின் கன்னத்தில் அடித்தது. லிங்கராஜ் அவன் சட்டையைப் பிடித்தான், சட்டை கிழிந்தது. இடுப்பைக் கட்டிப்பிடித்து இரண்டு பேருமாகப் பக்கவாட்டில் உருண்டார்கள். உடம்பு வெளியே வந்துவிட்டது. வலது கை மட்டும் தூக்கிய சக்கரத்துக்குக் கீழே...

ஜாக்கி சரிந்தது.

பச்சை மூங்கில் முறிகிற சத்தம். காசிலிங்கம் அலறவில்லை, லிங்கராஜின் தோளைக் கடித்தான், சதைக்குள் பல் இறங்க. கயிறு நிற்கவில்லை. இரண்டு இழுப்பு. கொஞ்சம் இடைவெளி. இரண்டு இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் உடம்பு தூக்கிப்போட்டது. பிறகு கயிறு சட்டென்று தளர்ந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லை.

பெரியதாழையிலிருந்து வந்த மீன் லாரிக்காரர்கள் வேனை நெம்பித் தூக்கினார்கள். கயிறு கிடந்தது, வள்ளத்தில் சுற்றி வைப்பதுபோல் வட்டம் வட்டமாக, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட. கையை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் லிங்கராஜ் ஒரு இரும்புக் கம்பியோடு கிருபை வீட்டுக்குப் போனான். தெரிந்தே விற்றார்கள் என்ற ஆத்திரத்தில், வாசலிலேயே அவள் தம்பியின் மண்டையைக் குறிவைத்து ஓங்கினான். அவன் தடுப்பதற்காக வலது கையைத் தூக்கினான். துண்டு நழுவியது. மணிக்கட்டோடு முடிந்துபோன கை.

கம்பி லிங்கராஜ் கையிலிருந்து தானாக விழுந்தது.

கிருபை உள்ளேயிருந்து வந்தாள். "எத்தன தடவ சுண்டுனாரு?"

"ரெண்டு... ரெண்டா."

"எங்க ஆளுவ கணக்குல மேல தூக்குன்னு அர்த்தம்." தம்பியைப் பார்த்தாள். "கடல்ல முங்குன பழக்கத்துல, வண்டிக்கு அடியிலயும் அவரு கால்ல கயிறு கட்டித்தான் போவாரு. அன்னைக்கு அவரு சுண்டும்போது இவன் கயித்தப் போட்டுட்டு பீடி வாங்கப் போயிட்டான். பத்தாம் நாளு அதே வண்டிக்கு அடியில இவன் கை போச்சு. பிடிச்ச பிடிய விடாத மச்சினன் கெடச்சா மேல வந்து சேந்துருவாருன்னு நெனச்சேன், தம்பி..."

பிறகு மெதுவாகக் கேட்டாள். "இன்னும் வரலயா?"

வேனை உடைத்துத் துண்டு துண்டாகப் போட்டாகிவிட்டது. காசிலிங்கமும் ஆஸ்பத்திரியிலிருந்து ஏரலுக்கு, அக்காள் வீட்டுக்கு வந்துவிட்டான். ஆவணி கல்யாணமில்லாமல் போனது. படுத்துக் கண்ணை மூடினால், கட்டுப்போட்ட மணிக்கட்டு இரண்டு தடவை சுண்டும். நரம்பு என்றார் டாக்டர். நரம்பு கட்டிலை இழுக்குமா? கடல் இருக்கிற கிழக்குப் பக்கமாக, ராத்திரிக்கு ஒரு சாண் நகர்ந்திருக்கிறது. அக்காளும் அத்தானும் முறைவைத்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

போன வாரம் செந்தூர்பாண்டி போய்ப் பார்த்தான். கட்டிலைத் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தார்களாம். கயிற்றால் இல்லை, சங்கிலியால். புதுச் சங்கிலி, வாங்கி நாலு நாள்கூட ஆகவில்லை.

துருப்பிடித்திருந்தது... தொட்டால் ஈரமாக.