சிவப்புக் கல் வைத்த காது மெஷின்

சிவப்புக் கல் வெள்ளியில்தான் எடுப்பாகத் தெரியும், ஐயா. இருபது வருடமாகக் கல் பதிக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே காது மந்தம். யார் பேசினாலும் என் முகத்தைத்தான் திரும்பிப் பார்ப்பாள். நான் வாயை நிதானமாக அசைத்துத் திருப்பிச் சொல்வேன். பள்ளிக்கூடத்தில், கடையில், அம்மா செத்துக் கிடந்தபோதுகூட அவளுக்கு நான்தான் காது. ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

முப்பது வயதில் காது மெஷின் வாங்கினாள். மூன்றாம் மாதமே அட்டைப்பெட்டிக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே லாரி ஓட்டுகிறவரோடு ஃபோனில் பேசிப் பேசிச் சிரிப்பாள். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "கேட்டுச்சுக்கா. ஒவ்வொண்ணையும் ரெண்டு வாட்டி சொல்லாத" என்பாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

ஆனாலும் அவளுக்கு வெட்கம். மெஷினை முடிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். "ஏன் மறைக்கற? நகையாவே பண்ணித் தரேன், நல்லாப் பாக்கட்டும்" என்றேன். மெஷின்மேல் கச்சிதமாக உட்காரும்படி வெள்ளியில் உறை செய்தேன். காது விளிம்போடு கொடிபோல வளைத்து, பதினோரு கல் வைத்தேன். மறுநாள் முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். "எங்க வாங்கினேன்னு எல்லாரும் கேக்கறாங்கக்கா. ஒருத்தர்கூடப் பாவம்னு பாக்கல" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். அது நடிப்பில்லை.

மெஷினில் சத்தம் நுழைய இரண்டு ஊசித்துளைகள் இருக்கும். உறைக்கு அடியில் ஒன்றை மெழுகால் அடைத்திருந்தேன். நகையைத் துடைத்துத் தருகிறேன் என்று வாரம் ஒருமுறை வாங்கி, மற்றதிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசினேன். "இருக்கற காதும் போகுதுக்கா" என்று அழுதாள். டாக்டரிடம் போகிற அன்று காலையில் மெழுகைச் சுரண்டிவிட்டேன். காதும் முன்போலத்தான், மெஷினும் சரிதான், மனக்குழப்பமாக இருக்கலாம் என்றார் அவர். திரும்பி வந்ததும் மறுபடி பூசினேன். அவள் ஃபோனை எடுப்பதை விட்டாள். பேச்சு வந்தால் என் முகத்தைப் பார்த்தாள். அந்த நான்கு மாதமும் வீடு வீடாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கிடங்கு வாசலில் லாரி ரிவர்ஸில் வந்தபோது அவள் முதுகைக் காட்டி நின்றிருக்கிறாள். நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்களே, அவளோடு ஃபோனில் பேசுவாரே அதே லாரிக்காரர், "ஹாரன் அடித்தேன், கத்தினேன்" என்று அவர் சொல்வது நிஜம். கண்ணாடியில் அவள் நகை மின்னியதாம். கேட்டிருக்கும், விலகிவிடுவாள் என்று நினைத்தாராம். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

நேற்று உங்கள் ஏட்டையா ஆஸ்பத்திரிக்கு வந்து அவளை விசாரித்தார். நான்தான் நடுவில் நின்று சொன்னேன். "அவர் ஹாரன் அடிச்சாராக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் வாக்குமூலம் என்று நீங்கள் வைத்திருப்பது என் வாயிலிருந்து வந்ததுதான்.

அவரை விட்டுவிடுங்கள். மெஷின் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. உறையைக் கழற்றிப் பாருங்கள். அடைத்தது நான்தான். இதை அவளிடம் சொல்லியாக வேண்டும், தெரியும். ஆனால் நீங்கள் சொன்னால் அவளுக்குப் புரியாது ஐயா. நான் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன்.