பூஜையில் வைத்த சாவி

— கை வைக்காதே ஸ்னேகா! இப்பத்தான் கற்பூரம் காட்டி முடிச்சிருக்கேன்.

— அம்மா, அந்தப் புஸ்தகத்து மேல சந்தனம் குங்குமம் இட்டு வச்சிருக்கியே, கறுப்பா, குட்டியா... அது என் ஆபீஸ் சாவிம்மா!

— தெரிஞ்சுதான் வச்சேன். இன்னிக்கு ஆயுத பூஜை. அவாவா தொழிலுக்கு எது ஆயுதமோ அதை வைக்கணும். உன் கைப்பையைத் துழாவி நானே எடுத்தேன்.

— என்னைக் கேக்காமயா?

— கேட்டா குடுத்திருப்பியா? அப்பா லேப்டாப் வச்சாச்சு, என் கத்தரிக்கோல் வச்சாச்சு, அருவாமணைகூட உக்காந்திண்டிருக்கு. உன்னுது மட்டும் இல்லேன்னா அம்பாள் என்ன நினைச்சுப்பா?

— ஐயோ, கம்ப்யூட்டர்ல சொருகற முனை பூரா குங்குமம்!

— தொடைச்சா போயிடும். பக்கத்தாத்து பெங்காலி மாமி, நம்ம முகர்ஜி பௌதி வந்திருந்தா. எங்க சரஸ்வதி மாக மாசம் வசந்த பஞ்சமிக்குத்தான் வருவா, உங்களுக்கு மட்டும் துர்கா பூஜைலயே வந்துட்டாளான்னு கேலி பண்ணினா. நான் உன் சாவியைக் காட்டினேன். ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ் ஏத்தற மெஷினுக்குள்ள புது புரோகிராம் போகணும்னா, என் பொண்ணு இந்தச் சாவியால கையெழுத்துப் போட்டாத்தான் போகும்னேன். பௌதி அசந்து போயிட்டா. இத்தனை நேரம் நம்ம லேக் கார்டன்ஸ் பேட்டை பூரா சொல்லியிருப்பா.

— எல்லா மெஷினும் இல்லேம்மா. எங்க கம்பெனி பம்ப் மட்டும்தான்.

— அந்தக் கணக்கெல்லாம் பௌதிக்கு எதுக்கு?

— நீ இருக்கியே! சரி, பெருமை அடிச்சாச்சோல்லியோ, இப்போ எடுத்துக் குடு.

— நாளைக்கு விஜயதசமி. புனர்பூஜை பண்ணிட்டுத் தரேன். அதுவரைக்கும் அசைக்கப்படாது.

— விளையாடாதேம்மா. பம்ப்ல மருந்து தீர்ந்து போனா அலாரம் அடிக்கணும். சிலதுல அடிக்க மாட்டேங்கறது. அதைச் சரி பண்ணத்தான் இந்த அப்டேட். நரேன் நேத்து சாயங்காலமே ஃபைலை சர்வர்ல வச்சுட்டான். இன்னிக்குக் காலைல நான் அதுல கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருந்தேன். போட்டதுக்கு அப்புறம்தான் அவன் எல்லா பம்புக்கும் அனுப்புவான்.

— நரேன்னா, உனக்குக் கீழ வேலை பண்றானே, பெஹாலாலேர்ந்து வர பையன், அவனா?

— அவனேதான். நவமியும் அதுவுமா ஆபீஸ்ல உக்காந்திண்டிருக்கான், பாவம்.

— கையெழுத்து இல்லாம அனுப்பினா என்ன ஆயிடும்?

— ஒண்ணும் ஆகாது. பம்ப் வாங்கிக்காது. அதானேம்மா அதோட அழகே! முன்னாடியெல்லாம் யார் எதை அனுப்பினாலும் அப்படியே முழுங்கிண்டிருந்தது. எவனாவது ஒரு போக்கிரி ஆஸ்பத்திரி வைஃபைக்குள்ள புகுந்து, மருந்தோட அளவையே மாத்தற மாதிரி ஒரு புரோகிராம் அனுப்பியிருந்தா, அதையும் சமத்தா கேட்டிருக்கும். நான் வந்துதான் பூட்டுப் போட்டேன். ஒவ்வொரு வரியும் நானே எழுதினது. இப்போ எங்க எம்டியே அனுப்பினாலும், என் கையெழுத்து இல்லேன்னா மூஞ்சில அடிச்சாப்பல கதவைச் சாத்திடும்.

— இப்படிச் சொல்லு! கேக்கறச்சே எனக்கு உடம்பு சிலிர்க்கறது.

— போன வாரம் அந்த எம்டியே கேட்டார். பூஜை லீவு வரது, இந்த ஒரு தடவை பூட்டை எடுத்துட்டு அனுப்பிடலாமேன்னார். முடியாதுன்னுட்டேன். தனியா இல்லே, மீட்டிங்ல, அத்தனை பேர் முன்னாடியும். என்னை வேணா வேலையை விட்டு அனுப்புங்கோ சார், பூட்டை எடுக்க மாட்டேன்னேன். சரின்னு விட்டுட்டார்.

— சபாஷ்! நான் பாங்க்ல இருந்தப்போவும் அப்படித்தான். லாக்கர் ரூம் சாவி என் கிட்ட இருந்த வரைக்கும் எந்த மேனேஜரும் தனியா உள்ளே போனதில்லே. நீ என் வயித்துல பொறந்தவடி!

— அப்படின்னா அந்தப் பொண்ணுக்காக சாவியை எடுத்துக் குடு.

— அது வேற, இது வேற.

— ஒரு நிமிஷம்மா. கையெழுத்துப் போட்டுட்டு அதே இடத்துல, அதே குங்குமத்தோட வச்சுடறேன்.

— உங்கப்பாவைப் பாரு. இன்னிக்குப் பேப்பர்கூடப் படிக்கப்படாதுன்னு வாயை மூடிண்டு துர்கா பூஜைப் பந்தல் பார்க்கக் கிளம்பிட்டார். எம்டி கேட்டும் நீ பூட்டை எடுக்கலே. நீ கேட்டும் நான் பூஜையைக் கலைக்கலே. இதுல யாரைக் குத்தம் சொல்றது?

— உன்னோட பேசி ஜெயிக்க முடியுமா? ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. ஆஸ்பத்திரில நர்ஸுகளை அடிக்கடி போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கோம். பூஜை நாள்ல பாதிப் பேர்தான் வேலைக்கு வருவா. ஒருத்தருக்கு மருந்து தீர்ந்து, அலாரமும் அடிக்காம, நர்ஸும் பார்க்காம போச்சுன்னா? அது எனக்குத் தாங்காதும்மா.

— இதை முதல்லயே சொல்றதுக்கு என்னடி? பௌதி கதையெல்லாம் பேச விட்டுட்டு! நகரு. அம்பாள் கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நானே எடுத்துத் தரேன். உசிர் விஷயம்னா அவ கோச்சுக்க மாட்டா.

— அம்மான்னா அம்மாதான்! இரு, நரேனே கூப்பிடறான், ஸ்பீக்கர்ல போடறேன். நரேன், மன்னிச்சுக்கோ, லேட் ஆயிடுத்து. இதோ சாவி வந்துண்டே இருக்கு.

— ஸ்னேகா தீதீ! ஷுபோ நபமி, நவமி வாழ்த்து! தாருண், தீதீ, பிரமாதம்! எல்லா பம்பும் பச்சை காட்டுது!

— என்ன பச்சை?

— அப்டேட் போயிடுச்சே! நீங்க சொன்ன டைம் ஆச்சு, சர்வர்ல பார்த்தேன், ஃபைல் இருந்துச்சு, அனுப்பிட்டேன். நீங்க பூஜைல இருப்பீங்கன்னு போன் பண்ணல. அரே, ஒரு பம்ப்கூட தகராறு பண்ணல! ஆஸ்பத்திரில டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்க, அலாரம் ஜோரா அடிக்குதாம். எம்டி சார் ஆபீசுக்கு சந்தேஷ் ஸ்வீட் அனுப்பியிருக்கார். ஸ்னேகா போட்ட பூட்டுன்னா சும்மாவான்னு அவர் வாயாலயே சொன்னார், தீதீ!

— கேட்டியா ஸ்னேகா? அவர் வாயாலயே! இதை பௌதி கிட்ட இப்பவே சொல்லணும். பௌதி! ஓ பௌதி!

— அம்மா, கொஞ்சம் சும்மா இரு. நரேன், நீ அனுப்பினது நேத்து சாயங்காலம் நீ வச்சியே, அந்த ஃபைல்தானா?

— ஆமா தீதீ, அதுலதானே நீங்க கையெழுத்துப் போட்டீங்க? எல்லா பம்பும் கையெழுத்து சரியா இருக்குன்னு பதில் அனுப்பிச்சே.

— நரேன், உடனே ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டு, பம்ப் எல்லாத்தையும் வைஃபைலேர்ந்து துண்டிக்கச் சொல்லு, இப்போ எவன் எதை அனுப்பினாலும் அது முழுங்கிடும். நான் இன்னும் கையெழுத்தே போடலே.