அண்ணன் நம்பிய பக்கம்

எங்கள் அண்ணன் காலையில் பல் தேய்த்த கையோடு கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பிரவுசரில் எது திறந்தாலும் அவருக்கு அது வேதவாக்கு. கணினியே தொழிலாகக் கொண்ட தம்பி நான். என் பேச்சு மட்டும் செல்லாக்காசு. "நீ சும்மா இருடா, நெட்ல போட்டிருக்கான்" என்பார், விருந்தாளிகள் முன்னாலேயே.

அதனால்தான், ஐயா, ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி அவர் கணினியில் வைத்தேன். கணினியைப் போட்டதும் அது தானாக ஒரு பக்கத்தைத் தயாரித்து, அவருடைய வழக்கமான பிரவுசரிலேயே திறந்து காட்டும். நெட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. முகவரி தெரியும் இடத்தில் அவருடைய சொந்த ஃபோல்டரின் பெயர்தான் இருக்கும். நான் எதையும் மறைக்கவில்லை. கண்ணிருந்தும் குருடராக இருந்தால் அதற்கு நானா பொறுப்பு?

பின்னோக்கி நடந்தால் மூட்டுவலி போகும் என்று முதலில் எழுதினேன். நடந்தார், சோபாவில் இடித்துக்கொண்டு விழுந்தார். எழுந்து வந்து எனக்கே அதன் பலன்களைப் பற்றி வகுப்பு எடுத்தார். இவரையும் என்னையும் ஒரே வயிறு சுமந்தது என்பதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு அவருடைய இதய மாத்திரையைப் பற்றி எழுதினேன், அது விஷம் என்று. கொஞ்சம் தயங்கினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவரின் படத்தைச் சேர்த்தேன். மறுநாள் மாத்திரை குப்பைக்கூடையில் கிடந்தது.

அண்ணிதான் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இவரு மாத்திரைய நிறுத்திட்டாரு. நான் சொன்னா எரிஞ்சு விழறாரு. நீங்க விவரம் தெரிஞ்சவங்க, பாத்துச் சொல்லுங்க. தப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவர் கைகாலைக் கட்டியாவது முழுங்க வச்சிடுறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையிலிருந்த அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தேன். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியாத்தான் இருக்கு, அண்ணி" என்றேன்.

"இப்பதான்டா உனக்குப் புத்தி வந்திருக்கு" என்று அண்ணன் என் தோளைத் தட்டினார். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, மறுக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: அந்த வீட்டில் என் பேச்சை ஒருவரும் ஒருநாளும் மதித்ததில்லை.