ஹெட்மாஸ்டர் சொன்ன வாய்ப்பாடு

இந்த ட்ரோன்ல விசிறி ஒண்ணுதாம்மா ஒடஞ்சிருக்கு, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கேமராவுக்கு ஒண்ணும் ஆகல, நான் பாத்துட்டேன். நீயே பிரிச்சுப் பாக்கறியா? பாரு, பாரு. ரிப்பேர் கடைன்னு போர்டப் பாத்ததும் உள்ள மீசை வச்ச ஆளு ஒருத்தர் சிடுசிடுன்னு உக்காந்திருப்பாருன்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். நீ இருக்க. நல்லதாப் போச்சு.

இல்லல்ல, பேரனோடது இல்ல. என்னோடதுதான். நான்தான் ஓட்டறேன். பாத்தியா, நீயும் அப்படியே முழிக்கற! அறுபத்தொம்பது முடியப்போகுது எனக்கு. அதுக்கென்ன, ரெண்டு கட்டைவிரல் நல்லா இருந்தாப் போதும் இதுக்கு.

மரத்துல மோதிட்டேன். எப்படின்னு சொல்றேன், சிரிக்கக் கூடாது. ஞாயித்துக்கெழமை காலைல ட்ரோன் ஓட்டற எங்க குழு மைதானத்துல கூடும். ஏழு பேரு. ஏழு பேருக்கும் சேத்து நல்ல முட்டின்னு பாத்தா ஒரு நாலு தேறும். அதுல ஒருத்தர் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். ரிமோட்டப் பாக்க மூக்குல ஒரு கண்ணாடி, வானத்தப் பாக்க நெத்தியில ஒரு கண்ணாடி. அவரப் போன வாரம் நான் புல்லுல மல்லாக்கப் படுக்க வச்சேன்.

சிரிக்காதன்னு சொன்னேன்ல. சார், படுத்துக்கிட்டு மேல பாத்துப் பேசிக்கிட்டே இருங்க, எவ்ளோ ஒயரம் வரைக்கும் ஒங்க வாய் தெரியுதுன்னு நான் பாக்கணும்னேன். மத்தவங்கல்லாம் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, பாவம் கெழவிக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு. அவர் ஏன்னு கேக்கல. என்ன பேசன்னு மட்டும் கேட்டாரு. வாய்ப்பாடு சொல்லுங்கன்னேன். மனுஷன் துண்ட விரிச்சுப் படுத்து, பதிமூணாம் வாய்ப்பாட்ட ஆரம்பிச்சுட்டாரு. நான் பத்தடி ஏத்தினேன், இருவதடி, முப்பதடி. முப்பதுலயும் தெரியுதும்மா. பல்லு தெரியல, ஆனா வாய் தொறந்து மூடறது நல்லாத் தெரியுது. அதையே பாத்துக்கிட்டு இருந்தேனா, என் கட்டைவிரல் என்ன பண்ணிச்சுன்னு எனக்கே தெரியல, படார்னு மரத்துல போய் விழுந்துச்சு. அவர் எழுந்திரிக்காம பதிமூணெட்டு நூத்திநாலுன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு.

ஆமா, இதுல சத்தம் பதியாதாமே? படம் மட்டுந்தானா? ம். ஹெட்மாஸ்டரும் அதான் சொன்னாரு. இருந்தாலும் ரிப்பேர் பாக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு கேட்டேன்.

எனக்குச் சத்தம்தாம்மா எல்லாம். டெலிபோன் எக்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தேன். முப்பது வருஷம் ஹெட்போன். நீ பொறந்திருக்கவே மாட்ட, யாருக்குப் பேசணும்னாலும் எங்க வழியாத்தான் பேசணும். ஹலோன்னு ஒரு தரம் சொன்னாப் போதும், அழுது முடிச்சுட்டுப் பேசறாங்களா, இனிமேத்தான் அழப் போறாங்களான்னு சொல்லிடுவேன். அப்பறம் மெஷின் வந்துச்சு, ஹெட்போனக் கழட்டி வச்சிட்டு ஃபைல் அடுக்கச் சொல்லிட்டாங்க. ஒரு மாசம் காது ரெண்டும் ஒரு மாதிரி கூசிக்கிட்டே இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். காலம் பூரா இருட்டுக் குழிக்குள்ள கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்ன மனுஷன். ரிட்டையர் ஆனதும் வானத்தப் பாக்கணும்னு இத வாங்கிட்டு வந்துட்டாரு. முதல்ல இது அவரோடதுதான். காலைல மொட்டை மாடிக்குப் போனா, மொதல்ல இத நேரா மேல ஏத்துவாரு, கேமராவக் கீழ பாக்க வச்சு. அவர் அவரையே மேலேர்ந்து பாத்துக் கையாட்டிக்குவாரு. எழுவத்திமூணு வயசுல என்ன வெளையாட்டுன்னு கேட்டா, குட்மார்னிங் சொல்லிக்கறேன், நீதான் சொல்ல மாட்டேங்கறியேம்பாரு. குசும்பு.

அந்தக் குசும்புலதான் வந்துச்சு வம்பு. மாடில துணி காயப்போடப் போனேன். முதுகு அரிச்சுது, கைக்கு எட்டல, துணிக் கிளிப்பால சொறிஞ்சுக்கிட்டு நின்னேன். கண்ண மூடிக்கிட்டு வேற. அத மேலேர்ந்து படம் புடிச்சு, குழுவுல அனுப்பி வச்சுட்டாரு! ஏழு பேரும் பாத்தாச்சு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். மூணு நாள் பேசல. சோத்தப் போட்டுட்டுத் தட்ட நங்குன்னு வைப்பேன், அவ்வளவுதான்.

அவருக்கு மன்னிப்புக் கேக்கத் தெரியாது. இத ஓட்டிக்கிட்டு வந்து சமையக்கட்டு ஜன்னலுக்கு வெளிய நிறுத்துவாரு. மேலயும் கீழயும் ஆட்டுவாரு, தலையாட்டற மாதிரி. சரி விடு, சரி விடுன்னு. மொத நாள் சிரிப்பு வந்துச்சு, ரெண்டாம் நாளும் வந்துச்சு. சிரிச்சாத் தோத்த மாதிரி ஆயிடுமேன்னு திரும்பி நின்னுக்கிட்டேன்.

மூணாம் நாளும் மாடியேர்ந்து அந்தச் சத்தம் கேட்டுச்சு. ங்ங்ங்னு, வண்டு மாதிரி. இப்ப ஜன்னலுக்கு வரும், இப்ப வரும்னு பாத்தேன். வரல, மேலயே நிக்குது. என்னக் கூப்புட வச்சுப் பாக்கறாருன்னு நெனச்சு ஜன்னலச் சாத்திட்டு, ரேடியோவப் பெருசா வச்சுட்டேன்.

சத்தம் ரொம்ப நேரம் இருந்துச்சும்மா. ஜன்னலச் சாத்தினாலும் எனக்குக் கேக்குமில்ல, எனக்குக் கேக்காதா? அப்பறம் நின்னுச்சு. சரி, எறங்கி வருவாருன்னு தட்டு வச்சேன். நங்குன்னு வைக்கல அன்னிக்கு. போதும்னு தோணிச்சு எனக்கே.

மேல போய்ப் பாத்தா படுத்திருக்காரு. மல்லாக்க. இது அவர் தோள்பட்டைக்குப் பக்கத்துல எறங்கி உக்காந்திருக்கு, வெளக்கு மினுக் மினுக்குன்னுக்கிட்டு. ரிமோட்டக் கீழ போட்டுட்டா இது அப்படியேதான் நிக்குமாமே? பேட்டரி தீரப்போகும்போது கெளம்புன எடத்துக்குத் தானா வந்துடுமாம். ஹெட்மாஸ்டர்தான் வெளக்கினாரு. அப்ப இருவது நிமிஷத்துக்கு மேல அவருக்கு நேரா நின்னுருக்கு. இது இருந்துச்சு, நான் இல்ல.

ஒடனே உயிர் போயிருக்கும், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விட்டாரு. பொய் சொல்றவங்க விடற அந்த மூச்ச முப்பது வருஷம் கேட்டவம்மா நான்.

குழுக்காரங்க துக்கம் கேக்க வந்தப்ப, இத யாருக்காவது குடுத்துடலாமான்னு மகன் கேட்டான். குடுக்கறதில்ல, எனக்கு ஓட்டச் சொல்லிக்குடுங்கன்னேன். இவ்ளோ நாள் இதத் திட்டிக்கிட்டிருந்தவளா பேசறான்னு எல்லாரும் வாயப் பொளந்தாங்க. அப்பறம் மகன் கெளம்பிப் போயிட்டான், அவனுக்கு வேலை இருக்குல்ல. வீட்ல இப்ப நான் ஒருத்திதான். ஜன்னல் எல்லாம் தொறந்தேதான் கெடக்கு.

விசிறிய மெதுவா மாட்டு, அவசரமில்ல. இந்தா, இதப் புடி. மாத்திர டப்பாதான். கெழமைக்கு ஒரு அறை இருக்கு, ஞாயித்துக்கெழமையத் தொற. மாத்திர இல்லம்மா, மெமரி கார்டு. அன்னிக்கு இதுக்குள்ள இருந்தது. புதுசு மாட்டித்தான் நான் ஓட்டறேன். இது எழும்பும்போதே ரெக்கார்டு பட்டனத் தட்டிடுவாரு, அதனால எல்லாம் இதுல இருக்கும். கேமரா கீழதான் பாத்துக்கிட்டு இருந்திருக்கும். ஒயரம் முப்பதடிக்கு மேல ஏத்த மாட்டாரு.

வீட்லயே பாக்கலாம்னு தெரியும். நாலு தரம் சொருகினேன், நாலு தரமும் உருவிட்டேன். மகன்கிட்ட சொன்னா, தூக்கிப் போடுங்கம்மாம்பான். ஏன் படுக்க வச்சேன்னு ஹெட்மாஸ்டருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன், ஆனா அவர் சிநேகிதரு, அவரப் பாக்கச் சொல்ல மனசு வரல. உனக்கு அவர யாருன்னே தெரியாது.

அந்தக் கம்ப்யூட்டர்ல போட்டு நீ பாரு. நான் தெருவப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கறேன். எப்படிக் கெடந்தாருன்னெல்லாம் சொல்ல வேணாம். வாய் அசஞ்சுதான்னு மட்டும் சொல்லு. என்னக் கூப்புட்டாரான்னு தெரியணும், இந்தாம்மான்னுதான் கூப்புடுவாரு, பேரு சொல்ல மாட்டாரு.

அசஞ்சிருந்தா அசஞ்சுதுன்னே சொல்லிடு. எனக்காகப் பாத்துப் பேசாத, குரல்லயே கண்டுபுடிச்சிடுவேன்.