யாருக்கும் அடிபடவில்லை

"ஏட்டி, அந்த இங்கிலீசை நீயா திருத்திக் குடுத்த?" என்று முன்சீட்டுப் பெண் அதட்டியபோதுதான் நிமிர்ந்தேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ். அவளும் பக்கத்தில் இருந்தவளும் மில் யூனிஃபார்மில் இருந்தார்கள். சன்னலோரம் இருந்த இளையவளின் வலது கையில் பெரிய கட்டு.

"நம்ம சரக்கு வாங்குற வெளிநாட்டுக்காரவிய நாளைக்கு ஆடிட்டுக்கு வாராவல்லாக்கா. கேட்டா சொல்லுறதுக்கு சூப்பர்வைசர் சார் இங்கிலீசுல எழுதிக் குடுத்தாரு, இங்க யாருக்கும் அடிபடலன்னு. தமிழ்ல நினைச்சு எழுதுனதுல 'நோபடி'யும் போட்டு, 'நாட்'டும் சேத்துப் போட்டுருந்தாரு. ரெண்டும் சேந்து வந்தா, அடிபடாதவிய யாருமே இல்லன்னு அர்த்தம் மாறிருங்க்கா."

"தப்பாவே சொல்லட்டும்னு விட வேண்டியதுதான?"

"மனசு கேக்கல. அதுல ஒரு வார்த்தைய அடிச்சிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் நாந்தான் மனப்பாடம் பண்ண வச்சேன்."

"மெஷின்ல விரல் போயி ஒரு வாரம் ஆகல. இந்தக் கையோடயா?"

"இடது கையால போர்டுல எழுதிப் போட்டேன்."

"நாளைக்கு நீயும் அதையே சொல்லுவியாக்கும்."

அவிழ்ந்த கட்டின் நுனியை அவள் உள்ளே திணித்துக்கொண்டாள்.

"நாளைக்கு எனக்கு மட்டும் லீவு குடுத்துட்டாவக்கா. கட்டோட யாரும் மில்லுக்குள்ள இருக்கக் கூடாதாம்."